வீரர் கூட்டமும் விடுபட்ட மனிதரும்

புத்தளம் நகரிலிருந்து பழைய மன்னார் வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர்கள் எலுவன்குளத்தைக் கடந்தே வில்பத்துக் காட்டை அடைதல் வேண்டும். ஊரோரமாய்க் கலா ஓயா ஓடுகிறது. மாரி காலத்தில் ஆறு பெருகிச் சப்பாத்துப் பாலத்தின் மீது ஏறிப் பாயுமாயின், அக்கரை அக்கரையாகவும் இக்கரை இக்கரையாகவும் நின்றுவிடும். அவ்வாறான நாளொன்றில், வெள்ளம் வடியும் வரை காத்திருந்த மாணவர் சிலரோடு ஒரு வீட்டு விறாந்தையில் பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர்கள் தொலைபேசியொன்றைச் சுவரில் சாய்த்து வைத்து, அவெஞ்சர்ஸ் வரிசையில் 2019ஆம் ஆண்டு வெளிவந்த 'எண்ட்கேம்' படத்தைத் தமிழ்க் குரலில் பார்த்துக்கொண்டிருந்தனர். இரும்பு மனிதனாகிய டோனி ஸ்டார்க் அதில் விஜய் சேதுபதியின் குரலில் பேசுகிறான். அக்குரல் அம்முகத்தில் ஒட்டவில்லை என்பதில் மட்டும் மாணவர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கவில்லை.

படம் முடிந்ததும் அவர்களில் ஒருவன் நம்மை நோக்கி ஒரு வினாவை எழுப்பினான். இலக்கியம் என்றால் பாத்திரப் படைப்பு என்று வகுப்பிலே ஓயாது சொல்கிறீர்களே, ஸ்டார்க் இறந்தபோது உலகம் முழுவதும் திரையரங்குகளிலே அழுதார்களே, அவன் பாத்திரம் இல்லையா என்றான். முதலாளித்துவச் சந்தையின் சரக்கு என்று ஒரே சொல்லில் விடையிறுத்துவிட்டு எழுந்துவிடுவது எளிது. நம்மவரிற் பலர் அவ்வாறே செய்துவருகின்றனர். ஆயின், கோடிக்கணக்கான உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கண்ணீர் சிந்தும் ஒன்றைத் திறந்து பாராமலே தீர்ப்புக் கூறுவது விமர்சனமாகாது. எனவே அவ்வினாவை இங்கே எடுத்துக்கொள்கிறோம். இத்தகைய பல வீரர் கூடிய படங்களில், நாம் அக்கறை கொள்ளத்தக்க மனிதர்கள் இருக்கின்றனரா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வீரர்கள் அனைவரும் பணமூட்டைகளின் மூளையில் உதித்தவர்களல்லர். கப்டன் அமெரிக்காவை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கேர்பியும் எளிய யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். 1940ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கா இன்னும் யுத்தத்தில் இறங்காதிருந்த வேளையில், ஹிட்லரின் தாடையில் குத்து விடும் வீரனை அட்டைப் படமாக வரைந்து வெளியிட்ட துணிவு அவர்களுடையது. 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த சிலந்தி மனிதன், வாடகைக்கும் மருந்துக்கும் தவிக்கும் வீட்டுப் பிள்ளை. படிப்பவன் தன்னை அவனுக்குள் காண இடமிருந்தது. அதற்கு மாறாக, 1963இல் தோன்றிய இரும்பு மனிதனின் கதையோ வியட்நாம் மண்ணில், ஆயுத உற்பத்தியாளன் ஒருவனை நாயகனாக்கிக்கொண்டு தொடங்கியது. இரண்டு போக்குகளும் ஒரே பதிப்பகத்தின் கூரையின் கீழ் வாழ்ந்தன. 2009இல் டிஸ்னி நிறுவனம் அக்கூரையையே ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு வாங்கிற்று. பத்தே ஆண்டுகளில், வரிசையின் இருபத்திரண்டாம் படமாகிய 'எண்ட்கேம்' தனித்தே சுமார் 280 கோடி டொலரைத் திரட்டிக் கொடுத்தது.

இனிப் படங்களுக்கு வருவோம். 2008ஆம் ஆண்டின் 'அயன் மேன்' படத்திலே மறக்கவொண்ணாத மனிதன் ஒருவன் உண்டு. அவன் ஸ்டார்க் அல்லன். ஆப்கானிஸ்தான் குகையில் ஸ்டார்க்கின் நெஞ்சைப் பிளந்து உயிர் காத்த யின்சென் என்னும் அறிஞன் அவன். தன் ஊரும் குடும்பமும் அழிந்த செய்தியை நெஞ்சிலே பூட்டி வைத்துக்கொண்டு, அழிவுக் கருவிகளைச் செய்தவனையே காப்பாற்றி, அவன் தப்பிச் செல்வதற்காகத் தன் உயிரைக் கொடுக்கிறான். அந்தச் சாவின் சுமையினாலேதான் ஸ்டார்க் தன் ஆயுத ஆலையை மூட எண்ணுகிறான். ஒரு பெரிய பாத்திரத்தின் விதை இதிலே இருக்கிறது. உற்பத்தியாளன் தன் உற்பத்தியின் விளைவை நேருக்கு நேர் பார்த்துவிட்டான். இனி அவன் என்ன செய்வான்?

வீரர் கூட்டத்தில் சேர்ந்ததும் இக்கேள்வி கரைந்துபோகிறது. 2015இல் வந்த 'ஏஜ் ஒஃப் அல்ட்ரான்' படத்தில் சொக்கோவியா என்னும் கற்பனை நாட்டுப் பிள்ளைகள் இருவர் வருகின்றனர், இரட்டையர். பத்து வயதில் இராவுணவுக்கு அமர்ந்திருந்தபோது முதற் குண்டு விழுந்து பெற்றோரைக் கொன்றது. இரண்டாம் குண்டு வெடிக்காமல் அருகே கிடந்தது. அதன் மேல் எழுதியிருந்த பெயர் ஸ்டார்க். அது வெடிக்குமோ வெடிக்காதோ என்று இரண்டு நாள் அதைப் பார்த்தவாறே இடிபாட்டினுள் கிடந்தார்கள் அக்குழந்தைகள். இப்படம் முழுவதிலும் உயிருள்ள பகுதி இந்தச் சில வரிகளே. பறக்கும் நகரத்தையும் உலோகப் படையையும் விட இவ்விரண்டு நாள்களின் கனம் பெரிது. ஆனால் அவ்வழக்கு விசாரணைக்கு வருவதே இல்லை. அண்ணன் சாகிறான். தங்கை வாண்டா ஸ்டார்க்கின் குழுவிலேயே உறுப்பினளாகிறாள். கொன்றவனும் கொல்லப்பட்டவரின் மகளும் ஒரே அணியில் நின்று வானத்திலிருந்து வருவோருடன் போரிடுகின்றனர். அவர்களிடையே நிகழ்ந்திருக்க வேண்டிய அந்த ஒரே உரையாடல் மட்டும் நிகழவில்லை.

அடுத்த ஆண்டின் 'சிவில் வார்' படத்தில் ஒரு தாய் வருகிறாள். சொக்கோவியாவில் ஏழைகளுக்கு வீடு கட்டச் சென்ற தன் மகன் வீரர்களின் போரில் மாண்டதைச் சொல்லி, அவன் படத்தை ஸ்டார்க்கின் கையில் திணிக்கிறாள். சில நிமிடங்களுக்கு நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். பிறகு அவளைக் காணோம். அதே நகரில் தந்தையையும் மனைவியையும் மகனையும் இழந்த சீமோ என்பவன் மட்டும் படம் முழுவதும் வருகிறான். ஏனெனில் அவன் வில்லன்.

நமது குறை இதுதான். இப்படங்களில் அக்கறைக்குரிய மனிதர்கள் இல்லை என்பதன்று. இருக்கின்றனர். படைப்பாளிகளுக்கு அவர்கள் இருக்குமிடமும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் நியாயமான முறையீட்டோடு ஒருவர் முன்வரும் ஒவ்வொரு முறையும், அவரை ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள், அல்லது எதிரியின் வேடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கூட்டத்தின் பெருக்கத்தால் ஒவ்வொருவருக்கும் நேரம் போதவில்லை என்று சிலர் வாதிப்பர். அது பாதி உண்மைதான். இன்னொரு காரணமும் உண்டு. இவ்வீரர் ஒவ்வொருவரும் ஒரு நிறுவனத்தின் சொத்து. அடுத்த படத்துக்கும் அதற்கடுத்த படத்துக்கும் வேண்டப்படுகிறவர்கள். மீளவொண்ணாத ஒரு முடிவை எடுப்பவனே கதையிலே மனிதனாகிறான். முடிவுகளையெல்லாம் மீட்டுக்கொள்ளக்கூடியவன் பாத்திரமாகான், வர்த்தகக் குறியாவான்.

மீட்டுக்கொள்வது என்றதும் அந்த விரற் சொடுக்கு நினைவுக்கு வருகிறது. 2018ஆம் ஆண்டின் 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் தானோஸ் என்னும் அரக்கன் ஒரே சொடுக்கில் பிரபஞ்சத்தின் உயிர்களிற் பாதியைத் தூசாக்கிவிடுகிறான். வளம் குறைவு, வாய்கள் அதிகம் என்பது அவன் கூறும் காரணம். 1798இல் மல்தூஸ் எழுதிய பழைய பாட்டேதான்! அவ்வளவு வீரர்களிலே, வளம் குறைவா, பங்கீடு அநீதியா என்று அவனைக் கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. கைமுட்டியால் மட்டுமே மறுக்கப்பட்ட வாதம் மறுக்கப்படாததாகவே நின்றுவிடுகிறது. படம் பார்த்த பிள்ளைகளிற் சிலர் 'தானோஸ் சொன்னதிலும் உண்மை இருக்கிறது' என்று பேசித் திரிந்ததற்கு அவர்களைக் குறை கூற முடியாது.

தூசாய்ப் போன அந்தப் பாதிப் பேர் யார்? 'எண்ட்கேம்' படத்தின் தொடக்கப் பகுதியிலே இக்கேள்விக்கு அருகில் வரும் காட்சிகள் இரண்டு உண்டு. அவற்றை மனமாரப் பாராட்டுகிறோம். ஐந்தாண்டுகளுக்குப் பின் கப்டன் அமெரிக்கா, ஆயுதமோ கேடயமோ இன்றி, துயருற்றோர் சிலருடன் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அமர்ந்திருக்கிறான். அவர்களில் ஒருவன் நெடுநாளைக்குப் பின் வேறொருவனுடன் இராவுணவுக்குச் சென்றதைச் சொல்கிறான். முதலுணவு பரிமாறும்போது அவன் அழுதான், இனிப்பு வருமுன் நான் அழுதேன், நாளை மறுபடியும் சந்திக்கிறோம் என்கிறான். அவ்வளவுதான். மற்றையது ஸ்கொட் லாங் என்பவன் மறைந்தோரின் பெயர் பொறித்த கற்களிடையே ஓடி ஓடித் தன் மகளின் பெயரைத் தேடும் காட்சி. மகளின் பெயர் இல்லை, தன் பெயரே இருக்கிறது. வீட்டுக்கு ஓடுகிறான். சிறுமியாக விட்டுச் சென்ற மகள் வளர்ந்த பெண்ணாய்க் கதவைத் திறக்கிறாள்.

பெயர்களிடையே பெயரைத் தேடும் அக்காட்சியை இந்நாட்டிலிருந்து பார்ப்பவருக்கு விளக்கம் தேவையில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்தது 2017 பெப்ரவரியில். அவர்களிற் பலர் பதில் பெறாமலே இறந்துபோயினர். எண்பதுகளின் இறுதியில் தெற்கிலே மறைந்த சிங்கள இளைஞரின் தாய்மாரும் அதே துயரின் உறவினரே. ஒரு சொடுக்கிலே ஆள் இல்லாமற் போவது நமக்குக் கற்பனையன்று. இப்படம் உலகத் திரைகளுக்கு வந்த 2019 ஏப்ரல் 26 அன்று, உயிர்த்த ஞாயிறு குண்டுகள் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்று ஐந்தே நாள் ஆகியிருந்தது. அவ்வாரம் இவ்வூர்க் கரையோரத்தில் எவருக்கும் அழுவதற்குக் கற்பனை வீரன் ஒருவன் தேவைப்பட்டிருக்க மாட்டான்.

ஆனால் படம் அந்த நாற்காலி வட்டத்தில் தங்கவில்லை. கால யந்திரத்தைச் செய்து, மாணிக்கங்களைச் சேர்த்து, மறைந்தோர் அனைவரையும் மீட்டுவிடுகிறது. பாதிப் பிரபஞ்சம் திரும்பி வந்ததைக் காட்ட ஒரு தொலைபேசி மணி போதுமாயிருக்கிறது. மனைவி அழைக்கிறாள், கணவன் கண் கலங்குகிறான், உடனே போர்க்களம். திரும்பி வந்தவர்களின் வீட்டில் அப்போது யார் இருந்தனர்? அவர்களுடைய காணி என்னவாயிற்று? வேலை யாரிடம் போயிற்று?

இக்கேள்விகள் எலுவன்குளத்து விறாந்தையில் ஒலிக்கும் விதமே வேறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் இப்புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். ஐந்து ஆண்டன்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓலைக் கொட்டில்களிலும் முகாம்களிலும் வாழ்ந்தனர். 2009இல் யுத்தம் முடிந்தபின், வில்பத்துக்கு வடக்கே முசலிப் பகுதிக்கு மீண்டவர்கள் தங்கள் முற்றம் இருந்த இடத்தில் மரங்கள் ஓங்கி நிற்பதைக் கண்டனர். அது காடா ஊரா என்னும் பிணக்கு வழக்காகவும் அரசியலாகவும் நீண்டது. நம்மோடிருந்த மாணவர்களிற் சிலர் அக்குடும்பங்களின் மூன்றாந் தலைமுறையினர். இங்கு வந்தபோது ஏற்கெனவே இருந்த ஏழைகளோடு கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் பங்கிட நேர்ந்த கதையையும், திரும்பிச் சென்றபோது நேர்ந்த கதையையும் அவர்கள் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள்.

டிஸ்னி நிறுவனத்தாருக்கும் இப்பிரச்சினை தோன்றாமற் போகவில்லை. 2021இல் வந்த 'த ஃபல்கன் அண்ட் த வின்டர் சோல்ஜர்' தொடரில், மறைந்தோர் மீண்டதால் இடம் இழந்து முகாம்களில் அடைபட்ட மக்கள் வருகின்றனர். அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் கார்லி என்னும் இளம்பெண் வருகிறாள். மருந்து கடத்தி அகதிகளுக்குக் கொடுக்கிறாள். பார்ப்பவர் மனம் அவள் பக்கம் சாயும் வேளை பார்த்து, கட்டிப்போட்ட மனிதர்களோடு ஒரு கட்டிடத்தை அவள் வெடிவைத்துத் தகர்க்கும்படி கதை எழுதப்பட்டிருக்கிறது. அதன்பின் அவளைக் கொல்வது எளிதாகிவிடுகிறது. அவள் இறந்த பின்னர் அவளுடைய கோரிக்கை நியாயமானதென்று நாயகன் ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறான். இதனை நாம் கலைத்தவறு என்று சொல்லமாட்டோம். கணக்குத் தவறாமல் செய்யப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு மாணவி குறுக்கிட்டாள். நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் நான் அழுதது ஸ்டார்க்குக்காக அன்று, நட்டாஷாவுக்காக என்றாள். கறுப்பு விதவை என்று பெயர் பெற்ற அவள், சிறுவயதிலேயே கொலைத் தொழிலுக்குப் பழக்கப்பட்டவள். இந்தக் கூட்டமே அவளது குடும்பம். அக்குடும்பத்துக்காக மலையுச்சியிலிருந்து குதிக்கிறாள். ஸ்டார்க்குக்கு ஏரிக்கரையில் வீரர் அனைவரும் வரிசையாய் நின்று இறுதி மரியாதை செய்கின்றனர். அவளுக்கு அது கூட இல்லை என்றாள் மாணவி. கூலிக்காரிக்கும் கோடீசுவரனுக்கும் அங்கேயும் வேறு வேறு சாவுதான் என்று அவள் சொன்னதை நாம் ஒரு திருத்தமுமின்றி இங்கே எழுதுகிறோம். இப்படம் பற்றி நாம் படித்த விமர்சனங்களை விட இது கூர்மையானது. மேலும், அவளுடைய அழுகை நமது வாதத்துக்கு ஓரளவு எதிர்ச்சாட்சி என்பதையும் மறைக்கப்போவதில்லை. வணிக வார்ப்பிலும், நல்ல நடிகை ஒருத்தியின் முகத்தின் வழியே, மனிதம் கசிந்துவிடுவதுண்டு.

தமிழ்த் திரைப்படமும் இவ்வழியிற் காலடி எடுத்து வைத்திருக்கிறது. லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) தனிப்படமாக வந்தபோது, பத்தாண்டு சிறையிருந்து, பார்த்தேயிராத மகளைக் காணச் செல்லும் டில்லி என்பவன் அதன் நாயகன். பசித்தவன் எப்படிச் சாப்பிடுவானோ அப்படிச் சாப்பிடுகிறான். அவனைவிட நம்மைக் கவர்ந்தவர் ஜோர்ஜ் மரியான் நடித்த நெப்போலியன் என்னும் காவலர். இடமாற்றம் பெற்று அன்றுதான் வந்திறங்கிய சாதாரண மனிதர். மற்றவர்கள் ஓடிவிட்ட பிறகு, அகப்பட்ட கல்லூரிப் பிள்ளைகள் சிலரை வைத்துக்கொண்டு ஆணையர் அலுவலகத்தைக் காக்கிறார். அவருக்குப் பயம் இருக்கிறது. ஆகையால் அவர் கதவைத் தாழிடும் ஒவ்வொரு முறையும் நமது மூச்சும் நின்று வருகிறது.

2022இல் 'விக்ரம்' வந்தது. பிரபஞ்சம் என்ற சொல்லும் அதனோடு வந்தது. அதிலே வாசந்தி ஏற்ற பாத்திரம் ஒரு வீட்டுப் பணிப்பெண். பாதிப் படம் வரை அவள் ஏவல் செய்துகொண்டு பின்னால் நிற்கிறாள். அடியாள்கள் வீட்டினுள் புகுந்ததும் அவள் ஏஜண்ட் டீனா என்னும் இரகசியப் போராளி எனத் தெரிகிறது. திரையரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது. நாமும் கை தட்டினோம். வீடு திரும்பும் வழியிலேதான் ஒன்று உறைத்தது. அவள் பணிப்பெண்ணாக மட்டுமே இருந்த வரையில் அவளை நாம் பார்க்கவே இல்லை. உளவாளி என்று தெரிந்த பிறகே அவள் கண்ணுக்குத் தெரிந்தாள். உண்மையான பணிப்பெண்கள் நமது வீடுகளில் இன்றும் பாத்திரம் துலக்குகிறார்கள். அவர்கள் எவருக்கும் மறைந்திருக்கும் இரண்டாம் பெயர் கிடையாது.

அப்படியானால் வல்லமை படைத்த பலர் கூடும் கதையே பயனற்றதா? இல்லை. இதே புத்தளம் மாவட்டத்தின் தென்கரையில், கரைவலைத் தொழிலாளர் வாழும் உடப்பு என்னும் ஊரில், ஆடி மாதந்தோறும் திரௌபதையம்மன் விழா பதினெட்டு நாள் நடந்து தீமிதிப்போடு நிறைவுறுகிறது. பாரதமும் வீரர் கூட்டத்தின் கதைதான். வில்லில் ஒருவன், கதையில் ஒருவன், குதிரையில் ஒருவன், வருவது உரைப்பதில் ஒருவன் என ஆளுக்கொரு வல்லமை. ஆயினும் கதையின் நெஞ்சு எங்கே இருக்கிறது? சூதாட்ட மண்டபத்தில், அவ்வளவு வல்லமையும் தலைகுனிந்து நிற்க, ஒரு பெண் எழுந்து கேட்ட கேள்வியில் இருக்கிறது. தன்னை இழந்தவன் என்னை எப்படிப் பணயம் வைத்தான் என்ற அவ்வழக்குக்குச் சபையிலே எவராலும் விடை சொல்ல முடியவில்லை. கதை அவளை வில்லியாக்கவும் இல்லை, இரண்டு நிமிடத்தில் வெளியே அனுப்பவும் இல்லை. அவள் முடியாத கூந்தலைச் சுமந்துகொண்டே இறுதிவரை நடக்கிறது. மூடநம்பிக்கை என்று தீமிதிப்பை நம் நண்பர்கள் எழுதித் தள்ளிவிடக்கூடும். கடலில் வலையிழுத்துக் காய்த்த கால்கள் அந்த ஒருத்தியின் வழக்குக்காக நெருப்பின் மேல் நடக்கின்றன என்பதையும் அவர்கள் சேர்த்து எழுதவேண்டும்.

மாலையில் வெள்ளம் சற்றே வடிந்தது. கலா ஓயாவைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பேச்சு 2025 நவம்பர் இறுதியில் அடித்த டிட்வா புயலின் பக்கம் திரும்பிற்று. இதே ஆற்றின் மேற்பகுதியில், புத்தளம் – அனுராதபுரம் வீதிப் பாலத்தருகே பேருந்து ஒன்று வெள்ளத்தில் சிக்கியது. எழுபது பேரளவில் இருந்தனர். ஒருவரையொருவர் அறியாதவர்கள், வெவ்வேறு மொழியும் மதமும் உடையவர்கள். அருகிலிருந்த கட்டிடத்தின் கூரையில் ஏறித் தொற்றிக்கொண்டனர். இரவு கழிந்தது. கூரையின் ஒரு பகுதி இடிந்தது. பெண்கள் மூவர் நீரில் விழுந்தனர். கூரையில் இருந்தவர்கள் அவர்களை மீண்டும் மேலே தூக்கிவிட்டனர். வானிலிருந்து மீட்க வந்த ஹெலிகொப்டரோ இறங்க முடியாது திரும்பிற்று, அதன் விசிறிக் காற்றே அந்தக் கூரையைப் பிய்த்தெறிந்துவிடக்கூடும் என்பதால். கடைசியில் கடற்படைப் படகுகளே அவர்களைக் கரை சேர்த்தன.

இதைச் சொன்ன மாணவன் பேருந்தின் நிறத்தையும் நீரின் உயரத்தையும் கையால் அளந்து காட்டினான். காலையில் ஸ்டார்க்குக்காக வாதாடியவன் அவன்தான். அந்த மாணவி இடைமறித்து, விழுந்த மூவரில் முதலில் யாரைத் தூக்கினார்கள் என்று கேட்டாள். அவன் அதைச் சொல்லத் தொடங்குவதற்குள், பாலம் திறந்துவிட்டதென்று யாரோ கூப்பிட்டார்கள். அவர்கள் அதைப் பேசிக்கொண்டே முழங்காலளவு நீரில் இறங்கி நடந்தனர்.